அக்கா நின்று பார்த்த வேலை

மேசைக்கு அளவெடுக்கப் போனபோது அக்காவின் உதட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கையை மடக்கச் சொன்னேன். தரையிலிருந்து முழங்கை வரைக்கும் சணலைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அவ்வளவுதான் அளவு. டேப்பெல்லாம் என்னிடம் கிடையாது. நான் போடியில் ஏலக்காய் மூட்டை தூக்குகிறவன். அதற்கு முன்னால் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை.

அக்கா எங்கள் தெருவிலேயே உயரம். ஆம்பளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மச்சான் அவள் தோளுக்கு இருப்பார். கல்யாணத்தில் மாலை மாற்றும்போது அவருக்குக் கை எட்டவில்லை. சனம் சிரித்தது. அக்கா குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். அன்றைக்குக் குனிந்தவள்தான். மச்சான் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கங்காணி. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, தகரக்கூரை தாழ்வு. அவள் கூரைக்கும் குனிந்தாள், அவருக்கும் குனிந்தாள். மறந்துபோய் நிமிர்ந்தால் அடி. "என்னைய என்ன கீழ பாக்குற" என்று கேட்டுக் கேட்டு அடிப்பார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் விறகுக்கட்டையால் அடித்திருக்கிறார். கடைசியாக இடுப்பில் மிதித்த மிதியில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கூட வேலை பார்த்த பொம்பளைகள் ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டுவந்து என் வீட்டில் விட்டார்கள்.

இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போடியில் பொம்பளைகளுக்கு உள்ள வேலை காய் பொறுக்குவது. முறத்தை முன்னால் வைத்து, வெடித்த காய், கறுத்த காயைத் தனியாக எடுக்க வேண்டும். எல்லாரும் தரையில் உட்கார்ந்துதான் செய்வார்கள். நான் மூட்டை தூக்குகிற கடையின் முதலாளி பாயிடம் போய்க் கேட்டேன். "ஒக்காந்து பொறுக்கவே கடையில எடமில்லப்பா. நீ ஒசரமா ஒரு மேசை போட்டுக் குடு. மூட்டைய வீட்டுக்கே அனுப்புறேன்" என்றார்.

அது வெறும் வேலை விஷயம் இல்லை. பிழைக்க வழியில்லாத பொம்பளையைப் புருஷனோடு திருப்பி அனுப்பிவிடுவது எங்கள் ஆட்கள் வழக்கம். வழி இருந்தால் பேச்சு வேறு. ஊர்ப்பெரியவர் பேச வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வருவதற்குள் அக்கா நின்று வேலை பார்க்க வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் லயம். இந்தத் தடவை போனால் அவள் உயிரோடு இறங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து ஊர் சிலமலையில் இடித்த வீட்டுக் கதவு ஒன்று சும்மா கிடைத்தது. சென்ட்ரிங் வேலை முடிந்த இடத்தில் சவுக்குக் கம்பு கொடுத்தார்கள். கயிற்று அளவுக்குக் கம்பை அறுத்து நாலு காலாக்கினேன். கதவை மேலே வைத்து ஆணி அடித்தேன். ஆடியது. பின்பக்கம் குறுக்கே இரண்டு கம்பு அடித்த பிறகு நின்றது. அவளுக்குக் கால் நீளம், முன்பக்கம் அடித்தால் முட்டி இடிக்கும். கதவுத் தாழ்ப்பாளைக் கழற்ற முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

முதல் மூட்டையைப் பொறுக்கும்போதே அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்தது. "இடுப்பா?" என்றேன். "ஒன் சோலியப் பாரு" என்றாள். மிதி வாங்கிய வலி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மூட்டை ஓடும்போது மச்சான் வந்தார். பட்டப்பகல். கையில் நிழல்மரத்துக் கிளை கழிக்கிற கத்தி. வாசலில் நின்று மேசையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாப்ளே, ஒட்டகத்துக்குத் தண்ணித்தொட்டி கட்டியிருக்க போல."

அக்கா காயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏய், குனிடி. ஒன் மூஞ்சி தெரியல."

முதல் வெட்டு பலகையில் விழுந்தது. காய் நாலாபக்கமும் சிதறியது. இரண்டாவது வெட்டு அவளுக்கு ஓங்கியது. நான் கையைக் கொடுத்தேன். எலும்பு வரைக்கும் இறங்கியது. இப்போதும் மூட்டை தூக்கும்போது அந்தக் கையில் இரண்டு விரல் மரத்துப்போகும். மூலையில் மிச்சமான சவுக்குக் கம்பு சாத்தியிருந்தது. அக்கா எடுத்தாள். கத்தி பிடித்த மணிக்கட்டில் ஒரே போடு. விறகு முறிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. கத்தி விழுந்தது. அடுத்த அடி தோளில். மச்சான் மண்டி போட்டார்.

"போதும்க்கா" என்றேன்.

"நீ தள்ளு தம்பி. இது எங்க ரெண்டு பேரு கணக்கு."

மூன்றாவது அடியை நான் தடுக்கவில்லை. வெட்டுப்பட்ட கை என்பதால் அல்ல.

அவர் தவழ்ந்து வாசலைத் தாண்டிய பிறகு அக்கா என் கையில் துணியைச் சுற்றிக் கட்டினாள். பிறகு மேசையில் ரத்தம் பட்ட காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தாள். "இத பாய்க்கு அனுப்ப முடியாது" என்றாள். அப்போது அவள் முழு உயரத்துக்கு நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் அப்படிப் பார்த்ததில்லை. மேசை அவள் முழங்கைக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. நான் அளந்தது குனிந்திருந்த அக்காவை. இத்தனை நாளும் அவளுக்கு வலி கொடுத்தது அந்த ஒரு சாண்தான்.

கையில் தையல் போட்டுக்கொண்டு வந்ததும் காலுக்கு ஒரு கம்பை ஒட்டவைத்து, கீழே ஒரு சாண் நீட்டிக் கம்பியால் இறுக்கினேன். ஒற்றைக் கையால் முடியாத இடத்தில் அக்கா பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் அந்தக் கால்களில்தான் நிற்கிறது. அவள் தலை நரைத்துவிட்டது. முதுகு வளையவில்லை.

பெரியவர் வந்தார். மச்சானும் கூட வந்தார், கையில் மாவுக்கட்டு. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான் வாசலைத் தாண்டவில்லை.

"ஒக்காரு ஆத்தா, பேசுவோம்."

"நீங்க பேசுங்கய்யா. நான் கேட்டுக்கிட்டே பொறுக்குறேன். சாயந்தரம் மூட்டை போகணும்."

"புருசன் கூப்பிட வந்திருக்கான்."

"கிட்ட வந்து கூப்பிடச் சொல்லுங்க."

அக்காவின் விரல் காயில் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். கட்டி வைத்திருந்த மூட்டையைப் பார்த்தார். மச்சானைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாப்பா போவோம். ஒரு கையாவது மிச்சம் இருக்கட்டும்."