யாரும் அழுத்தாத பெல்

முதன்முதலாக எலக்ட்ரானிக்ஸில் என்ன செய்து பார்ப்பது என்று ஒரு வாரமாக எனக்கு முடிவாகவில்லை. காலையில் கைதட்டினால் எரியும் விளக்கு என்பேன். மத்தியானம் மழை வந்தால் அலறும் கருவி என்பேன். சாயங்காலத்துக்குள் இரண்டும் சப்பென்று போய்விடும். பொறுக்க முடியாமல் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் ஓர் உதிரிபாகக் கடைமுன் போய் நின்றேன்.

"மொதமொத செய்யிறீங்கன்னா காலிங் பெல் செய்யுங்க. பட்டன், பேட்டரி, சத்தம் போட ஒரு பஸ்ஸர், அம்புட்டுத்தான்," என்றார் கடைக்காரர்.

அன்றே செய்து வாசல் கேட்டில் மாட்டினேன். யார் முதலில் அழுத்துவார்கள் என்று இருப்புக் கொள்ளவில்லை. கேஸ் கொண்டுவந்தவர் கேட்டைத் தட்டினார். மீன்காரம்மா தெருமுனையிலிருந்தே கூவினார். அடுத்த தெருவில் இருக்கும் என் தங்கை வந்து, பட்டனுக்குப் பக்கத்திலேயே கையை ஊன்றிக்கொண்டு, "அண்ணே, இருக்கீங்களா?" என்று கத்தினாள்.

"பெல் இருக்குல்ல, அழுத்துனா என்ன?" என்று எரிந்து விழுந்தேன்.

"பெல் அடிச்சுட்டு வர நான் என்ன வெளியாளா?" என்றாள்.

கோபம் தணியாமலே, பெல் மாட்ட இரவல் வாங்கிய ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கேயும் வாசலில் பெல் உண்டு. அதற்கு நேர் கீழே நின்று, "அக்கா, இருக்கீங்களா?" என்று கத்தினேன்.