மிளகாய்க் காம்பு

லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, வேலை கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றும் கேட்க மாட்டார். காய்ந்த மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். திரும்பி வரும்போது காம்பு கிள்ளியிருந்தால் வேலை. சும்மா உட்கார்ந்திருந்தால், "பிறகு சொல்றேன்" என்பார். அந்தப் பிறகு வராது.

இது அம்மாவுக்குத் தெரியும். யாரோ சொல்லியிருந்தார்கள்.

அப்பா இல்லை. கடலுக்கு அக்கரையில், எங்கள் ஊரான பிறையில், அம்மாவுக்கு பேக்டரி வேலை. மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. கட்டுப் பிரித்த பிறகு பேக்டரியில் சேர்த்துக்கொள்ளவில்லை. கட்டுப் பிரித்தாயிற்று, கை சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். எனக்குத் தலை பின்னிவிடுவதை மட்டும் நிறுத்தியிருந்தாள். என் மேல் ஏதோ கோபம் போல.

கடை கடையாக ஏறி இறங்கியாயிற்று. இதுவும் இல்லை என்றால் என்னை ஈப்போவில் பெரியம்மா வீட்டில் விடுவதாகப் பேச்சு. எனக்குப் பெரியம்மாவைப் பிடிக்காது.

கடையில் எங்களுக்கு முன்னாலேயே ஒரு அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். அவரும் வேலைக்குத்தான். கையில் போன். முதலாளி உள்ளே போனதும் அம்மா கைப்பையை வலது கை மேல் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"காலை ஆட்டாத. அந்தக் காம்பக் கிள்ளு."

கிள்ளினேன். அக்கா சிரித்தார்.

"சம்பளம் பேசாமலே வேலை ஆரம்பிச்சிட்டியா பாப்பா? ஒரு டீயாவது கேட்டு வாங்கிக்கோ லா."

அம்மா சிரிக்கவில்லை.

முதலாளி வந்தார். தட்டைப் பார்த்தார். காம்பு ஒரு பக்கம் குவிந்திருந்தது.

"யாரும்மா கிள்ளினது?"

தான்தான் என்று அம்மா சொல்லியிருக்கலாம்.

"பிள்ளதான் முதலாளி."

"நீ?"

அம்மா பைக்கு அடியிலிருந்து கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ரெண்டு விரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"மெஷினா?"

"ஆமா."

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"தொண்டை எப்படி?"

"தொண்டைக்கு ஒன்னுமில்ல."

"அப்ப வாசல்ல நில்லு. போறவங்கள கூப்பிடு, விலை சொல்லு. நாளைக்கே வந்துரு."

அக்காவிடம் பிறகு சொல்வதாகச் சொன்னார்.

ஃபெரிப் படகில் வீடு திரும்பும்போது எனக்குக் கோபம். மிளகாய் கிள்ளியது நான். என்னை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அம்மாவுக்குச் சும்மா நிற்கிற வேலை. இதை அம்மாவிடமே சொன்னேன். அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"என்னம்மா?"

"மிளகாக் கை கண்ணுல பட்டுருச்சு."

என் கைதான் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு மிளகாயையும் தொடவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. வேலை கிடைத்துவிட்டது, இனிக் கோபம் போய்விடும், நாளைக்குக் காலையில் தலை பின்னிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு அவள் மடியில் படுத்தேன்.