பிரஷர் இறங்கிய மாதம்

என் அத்தை அப்பாவைக் கொல்லப் பார்க்கிறாள் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். அவள் அப்பாவின் ஒரே தங்கை என்பது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை.

அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பியில் மாட்டிய பையிலிருந்து மருந்துத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இறங்கும். சில மணி நேரம் கழித்து, உடம்பின் கழிவையும் மிஞ்சிய நீரையும் சேர்த்துக்கொண்டு வேறு பைக்கு வெளியே வரும். தினமும் நான்கு முறை. தூசி ஆகாது என்பதால், மர்பி டவுனில் எங்கள் ஒற்றை அறையின் கதவைச் சாத்தி ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். நான் வெளியே நிற்க வேண்டும். மதியத்தில் அம்மா வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். அந்த ஒரு முறைக்கு மட்டும் விவேக் நகரிலிருந்து அத்தை வருவாள்.

உப்பு கூடாது, பிரஷர் இறங்கியே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா வேலை செய்த வீட்டில் கொடுத்த பிரஷர் மெஷின் காட்டும் எண்ணை நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. அது நூற்றெழுபதுக்குக் கீழே வருவதாக இல்லை. மதியம் அத்தை இருக்கும்போது மட்டும் அப்பா சோற்றை மிச்சம் வைக்காதது எனக்கு உறுத்தியது. ஒரு நாள் அவள் கை கழுவப் போனபோது அவளுடைய பையைத் துழாவினேன். கைக்குட்டைக்குள் சுருட்டிய சின்ன டப்பாவில் நார்த்தங்காய் ஊறுகாய்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் அவளுக்காகக் காத்திருந்தாள்.

"ஒரே ஒரு துண்டு தான் அண்ணி. அண்ணனுக்கு வாய் செத்துப்போய்க் கெடக்குது. நாலு வாய் சோறாவது உள்ள போவட்டுமேன்னு..." என்றாள் அத்தை.

"நாலு வாய் சோறு உள்ள போவும், அப்புறம் என் தாலி போவும். நீ இனிமே வரவே வேணாம் தாயி."

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அத்தை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நல்லா இரு மருமவனே. பெரிசானா போலீஸ்ல சேந்துடு."

அத்தை வருவது நின்றது; மதியப் பையை மாற்ற அம்மாவே வேலைக்கு நடுவில் ஓடி வந்தாள். பிரஷர் இறங்கத் தொடங்கியது. நூற்றைம்பது, நூற்றிருபது, நூறு. ஆனாலும் நான் காவலை விடவில்லை. தினமும் தலையணைக்கு அடியில் தேடினேன். அப்பா தானாகவே விரல்களை நீட்டுவார். "மோந்து பாத்துக்கோங்க இன்ஸ்பெக்டர் சார்." சோறு தட்டிலேயே காய்ந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று கதவைப் பிடித்துக்கொள்வார். ஊறுகாய்க்காக நடிக்கிறார் என்று நினைத்தேன். எண் தொண்ணூறைத் தொட்ட அன்று அம்மா கேசரி கிளறினாள். பிரஷர் மாத்திரையை ஒரு வேளைகூட அவள் தவறவிட்டதில்லை.

அடுத்த செக்கப்பில் நானே நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்த டாக்டர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்ளோ கம்மி ஆயிருக்கு, ஏன் உடனே கூட்டிட்டு வரல? மாத்திரையும் குடுத்துட்டே இருந்தீங்களா?"

"கம்மியானா நல்லது தானே டாக்டரம்மா?"

"ஓரளவுக்குத் தாம்மா. இவங்கள மாதிரி ஆளுங்களுக்கு இப்படி எறங்குனா அதுதான் ஜாஸ்தி பயம். சாப்பாடு இல்ல, ஒடம்புல தண்ணி இல்ல, ஹார்ட்டுக்கும் தெம்பு இல்ல."

பாராட்டுக்காகக் காத்திருந்த எனக்கு, இந்த டாக்டரும் அத்தைக்கு வேண்டியவரோ என்று தோன்றியது.

அப்பாவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். நான்காம் நாள் காலை அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். அம்மா என்னை வார்டு வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "பஸ் ஏறிப் போயி அத்தைய இட்டுனு வா. நான் கூப்ட்டேன்னு சொல்லு." சண்டை முடிந்துவிட்டது என்று புரிந்தது. தோற்றது நான்தான் என்றும் புரிந்தது.

அத்தை குழாயடியில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணியா? அண்ணியே கூப்ட்டாங்களா?"

இரண்டு முறை கேட்டாள். பிறகு ஈரக் கல்லிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சமாதானத்துக்கு ஆள் அனுப்பினால் யாராவது அழுவார்களா? பஸ்ஸில் அவள் என் கையை விடவே இல்லை. இதில் என்ன தந்திரம் இருக்கிறதோ என்று, வழி முழுக்க அவள் முகத்தையே கவனித்துக்கொண்டு வந்தேன்.