நெற்றியில் ஆறு கோடு, என் கையில் ஒரு வாளி

நுவேர் மக்களின் நாட்டைப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் தெற்கு சூடானில் சண்டை, என் சட்டைப்பையில் பஸ் பாஸ். ஆகவே 2004 மார்ச் விடுமுறையில், நாங்கள் குடியேறிய இந்தப் பனிநாட்டிலேயே கோவாங் வேலை செய்யும் மாட்டுப் பண்ணைக்குப் போனேன். அவன் நுவேர்; பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். நெற்றியில் ஆறு தழும்புக் கோடுகள். ஆம்பிளையாகிவிட்டான் என்று ஊரில் கத்தியால் கீறியவை.

எங்கள் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸில் காலை எட்டுக்குப் பஸ். மெட்ரோ, இன்னொரு பஸ், புரோசார்ட்டில் பத்தரை. பிறகு அவனுடைய பிக்கப்பில் நாற்பது கிலோமீட்டர். வழியெல்லாம் அவன் ஊர்க்கதை: வெள்ளம் ஏறினால் மேட்டு ஊர், கோடையில் மாடுகளோடு ஆற்றோரப் பட்டி. கடிக்கும் நுளம்புக்குச் சாணிப் புகை, அந்தச் சாம்பலே உடம்புக்குப் பூச்சு.

"எங்கட அம்மாவும் திருநீறு பூசச் சொல்லித்தான் கத்திறவ" என்றேன். (பிரெஞ்சில் கதைத்ததை எங்கட தமிழில் தருகிறேன்.)

பண்ணையில் சிரிப்பு நின்றது. கரண்ட் இல்லை, கொட்டில் இருட்டு. முதலாளி ஜெனரேட்டர் தேடிப் போயிருந்தார். சற்றுமுன் பிறந்த கன்று எழும்ப முடியாமல் நடுங்கியது. சீம்பால் உள்ளே போகாவிட்டால் செத்துவிடுமாம். கறக்கும் மெஷினோ ஓடாது.

"அப்ப கையால கறவன்!"

"கோடு கீறின ஆம்பிளை கறக்கக் கூடாது. பெண்களும் சின்னப் பெடியளும்தான் கறக்கிறது."

"இஞ்ச தினமும் கறக்கிறாய்தானே?"

"அது மெஷின் கறக்கிறது. நான் சுவிட்ச் போடுறன்." என் நெற்றியை உற்றுப் பார்த்தான். "உனக்குக் கோடு இல்லை."

"பரு இருக்கு மச்சான்!"

"பரு கணக்கில்லை. குந்து." வாளியை என் கையில் திணித்தான்.

பக்கத்தில் போனால் பசு பஸ் அளவு. முதல் பீச்சல் என் சப்பாத்துக்குள். அடுத்து ஓர் உதை; முழங்காலுக்குப் பக்கத்தில் பலகை பிளந்தது. ஓடப் பார்த்தேன். அப்போது கன்றின் நடுக்கம் நின்றது. அதுதான் இன்னும் பெரிய பயம். கோவாங் பசுவின் கழுத்தை அணைத்து, ஊரில் விட்டுவந்த தன் எருதின் பாட்டை மெல்லப் பாடினான். பசு அசையவில்லை. கை மரத்துப்போகும்வரை கறந்தேன். போத்தலில் ஊற்றிக் கன்றின் வாயில் வைத்தான். வழிந்தது. வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது.

மறுநாள் போன் வந்தது. "கன்று எழும்பீட்டுது, மார்கரீத்!"

"ஆரடா மார்கரீத்?"

"நீ கறந்த பசு. எங்கட ஊரில பெடியன் எந்த மாட்டைக் கறக்கிறானோ, அதின்ர பேர்தான் அவனுக்கும்."

அவன் சொல்லிப் பரப்ப, இப்போது பள்ளி முழுக்க அந்தப் பெண் பெயர்தான் எனக்கு. போகிறவர்களுக்கு: ரப்பர் பூட்ஸ் போடுங்கள், நகம் வெட்டுங்கள், குந்துவதற்கு முன் மாட்டின் பெயரைக் கேளுங்கள்.