உள்ள என்ன இருக்கு?

எங்கள் வீட்டு பைபிளுக்குள் இரண்டு பழைய தாள்கள் இருக்கின்றன. ஒன்று, தபால் ஆபீஸில் பார்சலுக்குக் கொடுத்த ரசீது. மிஷினில் அடித்த எழுத்துகள் முழுக்க வெளுத்துவிட்டன. இப்போது யார் பார்த்தாலும் வெறும் தாள் என்றுதான் சொல்வார்கள். இன்னொன்று, அனுப்பிய பார்சலைத் திரும்பக் கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதி. பெயர், விலாசம் எல்லாம் என் கோழிக்கிறுக்கல். 'காரணம்' என்ற இடத்தில் மட்டும் வேறு ஒருவருடைய உருண்டைக் கையெழுத்து, நீல மையில்: 'பலகாரம் கெட்டுவிட்டது.' அது இன்னும் அப்படியே இருக்கிறது. எழுதியவர், திண்டிவனத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் இருந்த மேடம். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் வரிசையில் நிற்கிற யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. மேடம் என்றால் அவர்தான்.

அவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசையில் முப்பது பேர் நின்றாலும் பார்சலைத் தராசில் வைக்கும் முன் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி: "உள்ள என்ன இருக்கு?" துணி என்றால் என்ன துணி, மாத்திரை என்றால் யாருக்கு மாத்திரை. மகளுக்கு ஊறுகாய் அனுப்ப வந்து, புத்தகம் என்று சொன்ன ஒரு பெரியவரை, அட்டையில் எண்ணெய் கசிந்ததைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினார். "பொய் சொன்ன பார்சல் என் மேசையத் தாண்டாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அட்டைப் பெட்டியை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு போனால், "துணி போட்டுத் தைச்சிக்கினு வா" என்பார். அப்படி என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். என் கோபம் ஊரறிந்தது. வீட்டுக்கு வந்து அவரைத் திட்டாத நாளில்லை.

என் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். அந்த வருஷம் அவர் எந்த மலையில் இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு எழுதும் விலாசத்தில் ஊர் பெயர் கிடையாது. அவர் பெயர், நம்பர், படைப்பிரிவு, ராணுவத் தபால் நிலையத்தின் எண், அவ்வளவுதான். போன் எடுக்கிற இடத்துக்கு அவர் இறங்கி வருவது பதினைந்து நாளைக்கு ஒரு தடவையோ இருபது நாளைக்கு ஒரு தடவையோ. அப்படி வந்தபோது அண்ணியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஈஸ்டருக்கு மல்லாட்டை உருண்டை. சென்னைக்காரர்களுக்காகச் சொல்கிறேன், வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். கூட இருக்கிற பத்துப் பேரும் அதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாராம். அண்ணி நூறு உருண்டை பிடிப்பதென்று உட்கார்ந்துவிட்டார்.

அது தவக்காலம். அண்ணன் அந்த மலையிலிருந்து நல்லபடியாக இறங்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அப்பா, அண்ணி, நான் மூவருமே ஈஸ்டர் வரை இனிப்பைத் தொடுவதில்லை என்று இருந்தோம். அதனால் உருண்டையை யாரும் ருசி பார்க்கவில்லை. வெல்லப் பாகைக்கூட அண்ணி தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்துத்தான் இறக்கினார். மல்லாட்டைப் பருப்பை உள் ரூமிலிருந்து அள்ளிக் கொடுத்தவன் நான். விடியற்காலை, கரண்ட் இல்லை. உள்ளே இரண்டு மூட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கைக்குக் கிடைத்ததிலிருந்து ஒரு கூடை அள்ளினேன். வறுக்கும்போது அண்ணி, "இன்னாமோ வாசனை வருதே தம்பி" என்றார். "புதுக் கோணி வாசனை அண்ணி" என்று நான்தான் சொன்னேன். அன்று சாயந்திரம் கை எரிகிறது என்று அவர் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். சூடான பாகில் உருட்டியதால் இருக்கும் என்று நினைத்தோம்.

மறுநாள் காலை, அண்ணியின் பழைய மஞ்சள் புடவைத் துண்டில் தைத்த பார்சலோடு போய் வரிசையில் நின்றேன். "உள்ள என்ன இருக்கு?" "மல்லாட்டை உருண்டை மேடம்." "வேற?" "சத்தியமா வேற ஒண்ணும் இல்ல மேடம்." தையலை இழுத்துப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ரசீதை நீட்டினார். முதல் தடவையே பார்சல் ஏறிவிட்ட பெருமையில் பைக்கை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கழனியிலிருந்து வந்தார். மாசிப் பட்டத்துக்கு அன்றுதான் விதைப்பு. "வெதை மல்லாட்டைல யாரு கை வெச்சது? ரெண்டு பாத்திக்குப் பத்தாம நிக்குது" என்றார். நான் சோற்றுக் கையோடு எழுந்து உள் ரூமுக்குப் போனேன். சாப்பாட்டுக்கு வைத்திருந்த மூட்டையின் வாய், அப்பா கோணி ஊசியால் தைத்தபடியே பிரிக்காமல் இருந்தது. நான் அள்ளிக் கொடுத்தது விதை மூட்டையிலிருந்து. விதைப் பருப்பில் பூச்சி, பூஞ்சை பிடிக்காமல் இருக்க நான் அள்ளியதற்கு முந்தின நாள் சாயந்திரமே அப்பா மருந்துப் பொடி கலந்திருந்தார். சிவப்புப் பொடி, மல்லாட்டைத் தோலும் சிவப்பு. வறுத்துத் தோலைத் தேய்த்து எடுத்துவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பொடியின் டப்பாவில் மண்டையோடு போட்டிருக்கும்.

அண்ணன் போனுக்கு அடித்தோம். சுவிட்ச் ஆஃப். அடுத்த தடவை அவர் கீழே இறங்குவதற்கு முன் பார்சல் மேலே போய்விட்டால், பிரித்த கையோடு பத்துப் பேரும் சுற்றி உட்கார்ந்து தின்பார்கள். கடிதம் போட்டால் பார்சலுக்குப் பின்னால்தான் போகும். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அழக்கூட இல்லை. நான் பைக்கை எடுக்கும்போது அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வெசம்னு மட்டும் வாயத் தொறக்காத. மிலிட்டரிக்கு வெசம் அனுப்பிச்சான்னு புடிச்சி உள்ள போட்டுடுவான். பெரிய பேஜாரா பூடும். அட்ரஸ் தப்புன்னு சொல்லி வாங்கிக்கினு வா."

தபால் ஆபீஸில் நான் உள்ளே நுழையும்போதே மெயில் வண்டி விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தது. வரிசையைத் தாண்டி முன்னால் போய், பார்சலைத் திரும்ப வாங்க வேண்டும், அட்ரஸ் தப்பு என்றேன். மேடம் நிமிரவில்லை. "எது தப்பு? சொல்லு, திருத்திடலாம். அதுக்கு இன்னாத்துக்குத் திரும்பக் கூப்பிடணும்?" என்று பேனாவை எடுத்துவிட்டார். இதை நானும் யோசிக்கவில்லை, அப்பாவும் யோசிக்கவில்லை. யூனிட் மாறிவிட்டது என்றேன். "புது நம்பர்?" எனக்கு எந்த நம்பரும் தெரியாது. வாயில் வந்த ஒரு நம்பரைச் சொன்னேன். அவர் எழுத ஆரம்பித்தார். நான் பேசாமல் நின்றால் அந்தப் பார்சல் யாரென்றே தெரியாத வேறு யாருக்கோ போகும். பின்னால் நின்ற அம்மாள், "சீக்கிரம் ஆவட்டும்பா" என்றார். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கண்ணாடிக்குக் கீழே உள்ள இடைவெளிக்குக் குனிந்தேன். "மேடம், அதுல வெசம் இருக்குது" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு வெச்சது?" என்றார், வரிசைக்குக் கேட்காத குரலில். "நான்தான் மேடம். தெரியாம. வெதைக்குக் கலந்து வெச்ச மல்லாட்டை." அடுத்து போலீஸ் என்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "வீட்ல யாராச்சும் துன்னாங்களா?" இல்லை, தவக்காலம் என்றேன். அவர் ஒரு மூச்சு விட்டார். பிறகு, சாப்பாட்டு நேரத்தில்கூட மூடாத கவுண்டரின் பலகையை இழுத்து மூடினார். வரிசையில் கூச்சல் எழுந்தது. பக்கத்துக் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டு, ஒரு விண்ணப்பத்தை இரண்டு பிரதியாக நிரப்பச் சொல்லிவிட்டு, விழுப்புரத்துக்குப் போன் போட்டு என் ரசீது நம்பரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

'காரணம்' என்ற இடத்துக்கு வந்ததும் என் கை ஓடவில்லை. மேடம் தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்த ஒரு வரியை இரண்டு பிரதியிலும் தானே எழுதினார். நான் அவரைப் பார்த்தேன். ஊறுகாயைப் புத்தகம் என்று சொன்னதற்கு ஒரு கிழவரைத் துரத்தியவர். "இன்னா பாக்கற? கெட்டதுதானே? அங்க போயி இத்தான் சொல்லணும். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. ஜல்தியா போ, ஆறு மணிக்குப் பைய கட்டி வெளிய அனுப்பிடுவாங்க" என்றார். நான் கதவைத் தாண்டுவதற்குள் மறுபடியும் விழுப்புரத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேல் முதன்முதலாகப் பயம் போனது.

கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஓரமாக நிறுத்தி போனைப் பார்த்தேன். பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்கத்தில், விழுப்புரம், பையில் கட்டப்பட்டது என்று இருந்தது. மணி ஐந்து பத்து. அண்ணனுடைய கல்யாணப் போட்டோவில் அவர் சிரிக்கிற சிரிப்புதான் கண் முன்னால் நின்றது. பத்துப் பேர் என்று சொன்னாரே, அந்தப் பத்துப் பேரின் வீடுகளும் எங்கேயோ இருக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. சத்தம் போட்டு ஜெபம் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது ஆர்.எம்.எஸ். ஆபீஸ், தபால் பைகளைப் பிரித்து ஊர்வாரியாகத் திரும்பக் கட்டும் இடம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒரு சார் என் விண்ணப்பத்தையும் ஆதார் கார்டையும் வாங்கிப் பார்த்தார். "நீதானா அது? உங்க மேடம் நாலு தடவை போன் பண்ணிட்டாங்க. கட்டின பைய மறுபடியும் அவுத்துருக்கேன்" என்று சலித்துக்கொண்டே மஞ்சள் பார்சலைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அண்ணியின் தையல். ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் பார்சலை முகர்ந்தார். "பலகாரம் கெட்டதுக்கா திண்டிவனத்துலேர்ந்து ஓடி வந்த? வெல்லப் பாகு ஜல்தில கெடாதே. ஒண்ணு எடுத்துப் பாக்கலாமா?" என்று சிரித்தபடி நூல் அறுக்கும் கத்தியைத் தையலில் வைத்தார்.

"தொடாதீங்க சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த ஹாலே திரும்பிப் பார்த்தது. பார்சலைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. ஓர் உருண்டைக்கு இவ்வளவு கருமித்தனமா என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று, மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே வந்தேன். அவரிடம் நான் வாங்கிய அந்தக் கெட்ட பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் அப்பா கழனிக்கு வெளியே ஆழமாகக் குழி வெட்டி நூறு உருண்டைகளையும் புதைத்தார். உருண்டை பிடித்த பெரிய அலுமினியச் சட்டியையும் அண்ணி அதே குழியில் போட்டார். அது அவருடைய கல்யாணச் சீர். மண்ணைத் தள்ளும்போதுதான் உட்கார்ந்து அழுதார். தப்பு என் மேல் என்று நான் சொன்னேன். "வாசனை வந்துச்சே தம்பி, நான் உட்டுட்டேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து, நல்ல மூட்டையைப் பிரித்து, அப்பாவே பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பருப்பாகப் பார்த்துக் கொடுத்து, அண்ணி மறுபடியும் உருண்டை பிடித்தார். புதுத் துணி, புதுத் தையல். வரிசையில் என் முறை வந்தது. மேடம் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "உள்ள என்ன இருக்கு?"

"மல்லாட்டை உருண்டை மேடம்."

"பிரி" என்றார். அண்ணி பார்த்துப் பார்த்துப் போட்ட தையல். பிரித்தேன். "ஒண்ணு எடுத்துத் துன்னு."

"தவக்காலம் மேடம், நேந்துக்கினு இருக்கறோம்" என்றேன். நெற்றி நிறைய குங்குமம் வைத்திருந்த மேடம், "உங்க சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன், துன்னு" என்றார். வரிசை மொத்தமும் வேடிக்கை பார்க்க, ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அவரும் ஒன்றை எடுத்துக் கடித்தார். "வெல்லம் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு, தன் மேசை டிராயரிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தார். அங்கேயே நின்று தைத்தேன்.

அடுத்த வருஷம் மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். எந்த ஊருக்கு என்று விசாரித்தேன். ஆளுக்கு ஒரு ஊர் சொன்னார்கள். நான் அவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அண்ணன் இப்போது வேறு மலையில் இருக்கிறார். உருண்டை மட்டும் வருஷம் தவறாமல் வேண்டும். போன வாரம்தான் பார்சல் போட்டு வந்து, அதன் ரசீதையும் பைபிளில் அந்த நீல மைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இதுவும் நாலைந்து மாதத்தில் வெளுத்துவிடும். இப்போது கவுண்டரில் இருப்பவர் ஓர் இளைஞர். தங்கமான பிள்ளை, யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, வரிசை மளமளவென்று நகர்கிறது. என் பார்சலை வாங்கித் தராசில் வைத்தார், விலாசத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினார், ரசீதைக் கிழித்து நீட்டினார். நான் நகராமல் நின்றேன். சட்டைப் பையில் தனியாகக் கொண்டுபோயிருந்த ஓர் உருண்டையை எடுத்து, அவர் எதிரிலேயே மென்று விழுங்கினேன்.

"மல்லாட்டை உருண்டை" என்றேன்.

"என்னங்க?" என்றார் அவர்.

"உள்ள இருக்கறது" என்றேன்.