குற்றாலம் பிள்ளை மறுத்த நாற்காலி

தம்பானூர் ஸ்டேஷனில் திருநெல்வேலி வண்டியின் கார்டிடம் என் பத்திரிகைக்கான கோர்ட் செய்திக் கவரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, ஜட்கா ஓட்டும் மைதீன் என்னை நிறுத்தினார். "குத்தாலம் பிள்ளை அண்ணாச்சி போயிட்டாரு சாரே. அறிஞ்சில்லையா?" காலையில் யாருக்கோ ஒரு வீட்டைக் காட்டிவிட்டு வந்தவர், கரமனையில் தம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாய்ந்துவிட்டாராம். எந்த வீட்டைக் காட்டினார் என்று கேட்டேன். மைதீனுக்குத் தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய தொழிலை நான் விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கோட்டையிலிருந்து வந்து இந்த மலையாள ஊரில் வீடும் மனையும் விற்க வாங்கத் தரகு பார்த்தவர். கரமனையிலும் சாலைக் கடைத்தெருப் பக்கமும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலரை இன்றைய வீட்டுக்குள் கூட்டிவந்தவர் அவர்தான். என்னையும் சேர்த்து.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. விற்பனைக்கு வரும் வீட்டின் கிணற்றில் தாமே ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்திக் குடித்துப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். "சுவரு பொய் சொல்லும், ஆதாரம் பொய் சொல்லும், வீட்டுக்காரன் கட்டாயம் பொய் சொல்லுவான். தண்ணிக்கு அந்தப் பழக்கம் இல்லை" என்பார். ஆதாரம் என்று இந்த ஊரில் கிரயப் பத்திரத்தைச் சொல்கிறோம். குற்றாலம் பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டார் என்றால் அந்த வீடு கைமாறப் போகிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன், தேங்காய் விலை விழுந்து, வீடு வாங்க ஆளில்லாமல் போன காலம் அது. அவருக்கு மாதக்கணக்கில் ஒரு கிரயமும் முடியவில்லை. முழங்கால் வேறு வீங்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் சாலைக் கடைத்தெருவில் மிளகும் ஏலக்காயுமாக மலஞ்சரக்கு மொத்த வியாபாரம் செய்த முதலாளி ஒருவர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். முதலாளியிடம் பணம் இருந்தது. வீட்டை ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் தொழிலில் இறங்க நினைத்தார். எந்த வீடு என்ன பெறும் என்று சொல்ல நம்பகமான ஆள் வேண்டும்.

மறுநாள் கோர்ட்டுக்கு எதிரே சாயாக்கடையில் பிள்ளை அதை எங்களிடம் சொன்னார். "மேசைக்குப் பக்கத்துல எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டுட்டாரு வே. பிரம்பு நாற்காலி. நேத்து ஒரு மணி நேரம் உக்காந்தேன். காலு ரெண்டும் எனக்கு நன்றி சொல்லிச்சு."

"வட்டிக்காரன்னு ஊரு ஏசுமே அண்ணாச்சி" என்றார் ஒரு வக்கீல் குமாஸ்தா.

"தரகன விக்கிறவனும் ஏசுறான், வாங்குறவனும் ஏசுறான். வட்டிக்காரன கடன் வாங்கினவன் ஒருத்தன்தான் ஏசுவான். கணக்கு பாத்தா எனக்கு லாபம்தானே?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வீட்டை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டுப் பிறகு முடிவெடுப்பதாக முதலாளியிடம் தவணை வாங்கியிருந்தார்.

அந்த வீடு எங்கள் எதிர்வீடு. வீட்டுக்காரர் சங்கரலிங்கம் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டு முதலாளியை அணுகியிருந்தார். மனைவி கோமதியிடம் சொல்லவில்லை. சும்மா பார்த்துப் பேசிப் போக வந்தவர் போல வரும்படி பிள்ளையிடம் கேட்டிருந்தார். பிள்ளையும் அப்படித்தான் வந்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நானும் அங்கே பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தேன். காப்பி வந்தது. ஊர்ப் பேச்சு நடந்தது. பிறகு பிள்ளை எழுந்து, எத்தனையோ வருடப் பழக்கத்தில், நேரே புழக்கடைக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் குடித்தார்.

கோமதி அடுக்களை வாசலில் நின்று அதைப் பார்த்தார். பிள்ளை தெருமுனை தாண்டுவதற்குள் பூஜை அறைப் படங்களை ஒவ்வொன்றாக இறக்கி ஒரு பழைய புடவையில் கட்டத் தொடங்கிவிட்டார். குத்துவிளக்கு, குழந்தையின் தூளித் துணி, அம்மா வீட்டிலிருந்து வந்த வெண்கலப் பானை என எல்லாம் மூட்டைக்குள் போயின. சங்கரலிங்கம் பதறிப்போய்ப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவந்தார்.

"விக்கலம்மா" என்றார் பிள்ளை. "ஈடுதான். பணத்தைக் கட்டினதும் ஆதாரம் திரும்பி வந்துரும். நீங்க எங்கயும் போக வேண்டாம்."

கோமதி மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்: "வித்திருந்தா வேற வீட்டுக்குப் போயிருப்போம் அண்ணாச்சி. அங்க ஒரு ஆணி அடிச்சுப் படத்தை மாட்டியிருப்பேன். இப்ப எங்க போறது? சொந்த வீட்டுலயே விருந்தாளியா இருக்கச் சொல்றீங்க."

கடன் கொடுக்கப்பட்டது. கல்யாணம் நடந்தது. சங்கரலிங்கம் வட்டியை ஒரு மாதமும் தவறவிடவில்லை. ஆனால் அந்த மூட்டை அவிழ்க்கப்படவில்லை. வாசல் கதவுக்குப் பின்னால், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில், அப்படியே இருந்தது. கோமதி சமைத்தார், கோலம் போட்டார், குழந்தையை வளர்த்தார். சுவரில் ஒரு படத்தையும் மாட்டவில்லை. படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாக, சதுரம் சதுரமாகத் தெரிந்தன. எங்கள் தெருவில் வேலையே இல்லாத நாட்களிலும் பிள்ளை அந்த வழியாகப் போனார். திறந்த கதவின் வழியாக உள்ளே ஒரு பார்வை, பிறகு நடை. அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் என் ஜன்னலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி பொறுமையாகத்தான் காத்திருந்தார். கடைசியில் பிள்ளை போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். காரணம் கேட்டதற்கு, "உக்காந்தா எனக்குத் தூக்கம் வருது மொதலாளி" என்றாராம். அந்த நாற்காலிக்கு வேறொரு தரகர் போனார். சில வருடங்களில் அவர் கார் வாங்கினார். "அவரு கார்ல போறாரு, நீங்க குடையில போறீங்க" என்று பிள்ளையின் மனைவி பலர் முன்னிலையிலும் சொல்வதுண்டு. "குடைக்குப் பெட்ரோல் வேண்டாம்ல?" என்பார் இவர்.

சங்கரலிங்கம் கடனை அடைத்த அன்று, ஆதாரத்தை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவர் பிள்ளைதான். அவராகவே கேட்டுப் பெற்றுக்கொண்ட வேலை அது. "இனி மூட்டையை அவிழ்க்கலாம்மா" என்றார். கோமதி புன்னகையோடுதான் சொன்னார்: "காலையிலேயே அவிழ்த்துப் பார்த்தேன் அண்ணாச்சி. எது எங்க இருந்துதுன்னு மறந்துபோச்சு." சுவரில் அந்தச் சதுரங்களும் அதற்குள் மங்கிப்போயிருந்தன.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். முழங்காலைத் தடவியபடி திண்ணையில் உட்கார்ந்தார்.

"வே, நீரு கோர்ட்டுல நிக்கிற ஆளு. ஒண்ணு கேக்கட்டுமா? அந்த முதலாளிகிட்ட ஈடு வச்ச வீட்டுல நாலஞ்சு ஏலத்துக்கு வந்துச்சே."

"வந்தது."

"அதுல சில வீடு எனக்குத் தெரியும். வீட்டுக்காரனையும் தெரியும். நான் அங்க உக்காந்திருந்தா, இவனுக்கு வேண்டாம், தாங்கமாட்டான்னு சொல்லியிருப்பேன். உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வாடான்னு திருப்பி அனுப்பியிருப்பேன். நான் ஒதுங்கிட்டேன். கண்ணுல படாம இருந்தாப் போதும்னு ஒதுங்கிட்டேன். வீடு போனது போனதுதான வே?"

நான் செய்திக்காரன் பதில் ஒன்றைச் சொன்னேன். நடக்காத ஒன்றை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றேன். அவர் சிரித்தார். "நீரு எழுதுற மாதிரியே பேசுறீரு" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் அவரைப் பார்த்தது அதுவே கடைசி.

அவர் சரியாகத்தான் முடிவெடுத்தார் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். மனசாட்சிக்காரர் என்றார்கள். அவர் தம்மைப் பற்றி ஒருபோதும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. நாங்கள் நல்ல முடிவு என்று கருதியதைத்தான் அவர் கடைசி வரை நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்தது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

முன்பெல்லாம் ஏலச் செய்திக்கு நான் கோர்ட் வராந்தாவைத் தாண்டிப் போனதில்லை. வீட்டுக்காரர் பெயரையும் மனையின் எல்லையையும் குறித்துக்கொண்டால் போதும். போன வாரம் ஏலத்துக்கு வரவிருந்த ஒரு வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாள், "வீடு வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கடன் கொடுத்தவர் அனுப்பினாரா என்றார். அதற்கும் இல்லை என்றேன். முறத்தை ஒருபக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.