அக்கா பிடித்த வெள்ளை விரிப்பு

திறந்தால் கறுத்த தோல் மடிப்பு முன்னே நீளும்; மூடினால் கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும். அப்படி ஒரு கமரா என்னிடம் இருந்தது. கொழும்புக் கோட்டையில் நான் கிளார்க்காக இருந்த கப்பல் கம்பனிக் கந்தோரின் வெள்ளைக்காரத் துரை ஒருவர், உலக யுத்தம் தொடங்கிய புதிதில் சீமைக்குப் போகும்போது எனக்கு விட்டுப்போனது. வெள்ளவத்தையில் என்னைப் போன்ற கலியாணமாகாத உத்தியோகத்தர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கமராவும் நானும் கடற்கரையில்தான். அலையை எடுத்தேன், ரயிலை எடுத்தேன், ஒரே தென்னை மரத்தைக் காலையிலும் மாலையிலும் எடுத்தேன். எல்லாம் ஓரளவு நன்றாகவே வந்தன. நன்றாக வந்துவிட்டால் அடுத்து என்ன என்ற அரிப்புத் தொடங்கிவிடும். பொழுதுபோக்குக்காகப் படம் பிடிக்கிற எவருக்கும் இது தெரிந்த வியாதிதான்.

அந்த அரிப்புக்கு யுத்தமும் ஒரு தள்ளுத் தள்ளியது. கடற்கரையில் கமராவைத் தூக்கினாலே பொலிஸ்காரன் வந்து நிற்கத் தொடங்கினான். பிலிமும் கிடைப்பதில்லை. ஆகவே கைக்குக் கிடைக்கும் கொஞ்சப் பிலிமை வைத்து அடுத்து எதைப் பழகுவது என்று நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. புறக்கோட்டையில் படச் சாமான்கள் விற்ற முஸ்லிம் நானா, "கலர் பூசப் படிங்க தம்பி, கன்னத்துக்கு ரோஸ் வச்சா சனம் மயங்கிப் போகும்" என்றார். என் அறைக்காரர்களோ மாப்பிள்ளைப் படம் எடுக்கப் பழகச் சொன்னார்கள். சீதனம் பேசும் காலத்தில் தங்கள் முகங்களைக் கொஞ்சம் திருத்தித் தருவேன் என்ற நப்பாசை. எனக்கு மட்டும் சிறிய படத்தைப் பெரிதாக்கும் வித்தையில் ஒரு கண் இருந்தது. அதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் சின்ன வாடகை வீட்டில் இருந்தாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அந்த வீட்டு அடுப்படியில் கேட்கும். அத்தானுக்கு மலாயாவில் ரயில்வேயில் உத்தியோகம். லீவில் வந்து யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து, கப்பலேற்றிக் கூட்டிப்போக அக்காவைக் கொழும்புக்குக் கொண்டுவந்தார். வந்த இடத்தில் அவளுக்கு மசக்கை. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. இந்த நிலையில் கப்பல் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்ததும் வந்து இரண்டு பேரையும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அத்தான் மட்டும் போனார். பெண்பிள்ளை பிறந்தது. கடிதம் வந்தது, சாமான் வந்தது, பிறகு யுத்தம் வந்தது. மலாயா யப்பான்காரனிடம் போன பிறகு அங்கிருந்து ஒரு எழுத்தும் இல்லை. மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல எந்தக் கந்தோரிலும் ஆளில்லை.

கொழும்பில் குண்டு விழுந்தபோது கொட்டாஞ்சேனையில் பாதி வீடுகள் பூட்டுப்பட்டன. ஊருக்குப் போ, இல்லையென்றால் வெள்ளவத்தைப் பக்கம் வீடு பார்க்கிறேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அக்கா அசையவில்லை. "அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இதுதானேடா. கப்பலால இறங்கினா நேரா இஞ்சதான் வருவார். வந்து நிக்கேக்க வீடு பூட்டிக் கிடந்தா மனுசன் எங்க போறது?" என்று கேட்டாள். 

அத்தானின் முகம் அந்த வீட்டில் ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது. கலியாண வீட்டுச் சனமெல்லாம் வரிசையாக நிற்கும் படம். நடுவில் தலைப்பாகையோடு, கடுகளவு முகத்தோடு அத்தான். ஒருநாள் மருமகளை மடியில் வைத்துக்கொண்டு அப்பா எங்கே என்று கேட்டேன். பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல் ஓரத்தில் பெரிய மீசையோடு நின்ற எங்கள் பெரியப்பாவைத் தொட்டுக் காட்டியது. நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போனவள் நெடுநேரம் திரும்பி வரவில்லை. அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன். அடுத்துப் பழகுவது பெரிதாக்கும் வித்தைதான்.

படத்தையே படமெடுத்து, அதிலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்குவது சுலபமான காரியமில்லை. நானாவின் கடைப் பின்னறையில் பல சனிக்கிழமைகள் மருந்துத் தண்ணீருக்குள் கைவிட்டுக் கிடந்தேன். எத்தனையோ தாள் பாழாகி, கடைசியில் ஒருநாள் அத்தான் தெளிவாக எழும்பி வந்தார். மூக்கு, நெற்றித் திருநீறு, சிரிப்பை அடக்குகிற உதடு எல்லாம் தெரிந்தன. நானாவே "மாஷா அல்லாஹ்" என்று சொன்னார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். நல்லதாய் ஒரு கறுப்புச் சட்டம் போட்டு, அக்காவுக்குச் சொல்லாமல், கையில் ஏந்திக்கொண்டு ஒழுங்கைக்குள் நடந்தேன். ஊருக்கே காட்ட வேண்டும் என்பது போல அதை நெஞ்சுக்கு முன்னால்தான் பிடித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அன்ரி வேதக்காரி. வாசலில் நின்று மீன்காரனோடு சிங்களத்தில் விலை பேசிக்கொண்டிருந்தாள். சட்டத்தைக் கண்டதும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள். "ஐயோ ஆண்டவரே, எப்பயடா தம்பி தந்தி வந்தது?" என்று கத்திக்கொண்டு மீனையும் விட்டுவிட்டு அக்காவின் வீட்டுக்குள் ஓடினாள். எனக்கு விளங்கவே ஒரு நிமிடம் சென்றது. எங்கள் வீடுகளில் ஒரு ஆணின் முகத்தைத் தனியாகப் பெரிதாக்கிச் சட்டம் போடுவது எதற்கு? மாலை போட்டு விளக்கு வைக்கத்தானே. உயிரோடு இருப்பவர் கூட்டத்தோடு நிற்பார். போனவர்தான் தனியாக வருவார். இது எனக்குத் தெரியாததல்ல. வித்தையின் மயக்கத்தில் அந்த நினைப்பே வரவில்லை.

அக்கா வெளியே வந்தபோது இருந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்? அன்ரி அவளைக் கட்டிப்பிடித்து அழ, அவள் அழாமல் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தந்தி இல்லை அக்கா, நான்தான் செய்தனான், நான்தான்" என்று உளறினேன். அவள் அப்படியே படியில் குந்திவிட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் அத்தானை ஒருமுறை பறிகொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். பிறகு எழுந்து, சட்டத்தைக் கவிழ்த்து அலுமாரிக்கு மேலே வைத்து, அன்ரிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"இவரை எனக்குப் படத்தில பாக்கத் தேவையில்லை தம்பி. எனக்கு இவர் மறக்கேல்ல," என்றாள். "அவர் வரேக்க பிள்ளை வளந்திருக்கும். வளந்த பிள்ளையக் காட்டலாம். வளந்ததை என்னெண்டு காட்டுறது? தவண்டது, விழுந்தது, பல்லு முளைச்சது ஒண்டும் அந்த மனுசன் பாக்கேல்லயே. உனக்குப் படிக்க ஆசையெண்டால் அதைப் படி."

அதைத்தான் படித்தேன். ஆனால் வீடோ இருட்டு. பின்முற்றத்துக் கதவால் வரும் வெளிச்சம் மட்டும்தான். மருமகளோ ஒரு இடத்தில் நிற்கிற சாதியே இல்லை. முதல் எடுத்த படங்களில் பாதி முகம் கரி, மீதி முகம் மூன்று மூக்கோடு அசைந்திருந்தது. "பிள்ளையப் பேயாக்கிப் போட்டாய்," என்று அக்கா சிரித்தாள். துரை விட்டுப்போன பழைய சஞ்சிகை ஒன்றில் வழி கிடைத்தது: இருட்டுப் பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றைப் பிடித்தால் கதவு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும், முகத்தின் மறுபக்கமும் தெரியும். அக்கா கட்டில் விரிப்பை உருவி எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். ஒரு நொடியில் பிள்ளையின் கன்னம் துலங்கியதைக் கண்டு நான் வாய்விட்டுக் கத்தியது இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் எந்தப் படத்துக்கும் அப்படிக் கத்தியதில்லை.

அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் ரயிலேறி, கோட்டையில் ட்ராம் பிடித்து, மிச்சத்தை நடந்து எத்தனை ஞாயிறு போயிருப்பேன். பிள்ளை முழங்காலில் காயத்தோடு நின்றது, பல் விழுந்த வாயைத் திறந்து காட்டியது, விஜயதசமிக்கு ஏடு தொடக்கி அரிசியில் விரல் பதித்தது என்று எல்லாம் எடுத்தேன். ஓடுகிற பிள்ளையை ஓட விட்டு, மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் பிடிக்கப் பழகினேன். விரிப்பைப் பிடிப்பது எப்போதும் அக்காதான். நீயும் ஒருக்கால் நில் என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "நல்ல கதை. அவர் எங்க கிடந்து என்ன பாடு படுறாரோ, நான் இஞ்ச சீலை உடுத்துப் படத்துக்கு நிக்கிறதோ? பாக்கிற சனம் என்ன சொல்லும்? பிலிமை வீணாக்காமப் பிள்ளைய எடு," என்பாள். புருசன் தூரத்தில் இருக்கும் பெண் பூ வைப்பதையே கணக்குப் பார்க்கும் ஊர் எங்களுடையது. நானும் வற்புறுத்தவில்லை.

அத்தான் வந்தார். யுத்தம் முடிந்து மாதக்கணக்கு ஆன பிறகு, ஒரு காலை, கையில் சாக்குப் பை ஒன்றோடு அந்த விலாசத்துக்கே வந்து சேர்ந்தார். எலும்பும் தோலும்; தலை முழுக்க நரை. மருமகள் அக்காவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வர மறுத்தாள். அக்கா படங்களைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக, பிள்ளை ஒரு அடி வந்தது, இன்னொரு அடி வந்தது. "உது நான் மாமரத்தால விழுந்த அண்டு," என்றது. "உது பல்லுப் போன அண்டு. கூரைக்கு மேல எறிஞ்சனான்." கொஞ்ச நேரத்தில் பிள்ளை அவருடைய கதிரைக் கைப்பிடியில் ஏறி இருந்துகொண்டு, அவருக்கு முந்திப் படத்தைத் திருப்பத் தொடங்கிவிட்டது. அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. படம் பிடிக்கப் பழகியதால் நான் கண்ட பெரிய பலன் அதுதான்.

பின்னேரம் நான் புறப்பட, அத்தான் ஒழுங்கை முனைவரை மெல்ல நடந்து வந்தார். அங்கே நின்று, "தம்பி, உம்மட அக்கா ஒரு படத்திலயும் இல்லையே," என்றார். காரணத்தைச் சொன்னேன். விரிப்புக் கதையையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். "பிள்ளை வளந்ததைப் பாத்திட்டன். ஆனால் நான் விட்டிட்டுப் போகேக்க இவ வேற ஆள். இண்டைக்குக் கதவு திறந்தது வேற ஆள். இடையில எப்பிடி இருந்தவ தம்பி?" என்று கேட்டார். "நல்லா இருந்தவ அத்தான்," என்றேன். அது ஒரு பதிலில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பிறகு நான் அக்காவை எவ்வளவோ எடுத்தேன். அத்தான் தானே விரிப்பைப் பிடித்தார். கலர்ப் படம், வெட்டி மின்னும் விளக்கு, தூரத்தை இழுக்கும் கண்ணாடி எல்லாம் காலத்தோடு பழகினேன். ஆனால் காத்துக்கொண்டிருந்த அக்கா எந்தப் பிலிமிலும் இல்லை. அத்தானும் அந்தக் கேள்வியை விடவில்லை. வெள்ளவத்தைக்கு வரும்போதெல்லாம், வயதான பிறகும், அக்கா போன பிறகுங்கூட, தேத்தண்ணியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்பார். நான் கொஞ்சங் கொஞ்சமாகச் சொல்லப் பழகினேன். ஒருநாள் அவளுடைய செருப்பு, ஒருநாள் அவள் கப்பல் ஊதுவதைக் கேட்டுக் கையில் பிடித்த அகப்பையோடு நின்ற நிற்பு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

இப்போது அத்தானும் இல்லை. எனக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது, கேட்க ஆளில்லை. அத்தான், முதன்முதல் விரிப்புப் பிடித்த அன்றைக்கு அவள் நீலக் கரை போட்ட நூல் சீலை கட்டியிருந்தாள். கழுத்தில் வேர்வை. தலைமயிரை அள்ளி முடிந்திருந்தாள், ஒரு கற்றை மட்டும் காதுக்கு முன்னால் விழுந்திருந்தது.  தூக்கிப் பிடித்த விரிப்பைக் கொஞ்சம் தாழ்த்தி, மேலால் எட்டிப் பார்த்து, சின்னப் பெட்டை மாதிரிச் சிரித்துக்கொண்டு, "கெதியா எடடா தம்பி, கை உளையுது," என்றாள்.